நேர்த்திக்கடனுக்கு ஒரு கட்டம்

அத்தியாயம் பதினான்கு

கம்ப்யூட்டருக்கு முதலில் பீர் தெளித்தார்கள். அதற்குப் பிறகுதான் மிர்த்தாவை அதைத் தொடவிட்டார்கள்.

அது போன வெள்ளிக்கிழமை. திருவிழா ஆட்ட உடுப்புகளை வாடகைக்கு விடுகிற வில்கா குடும்பத்துக் கடைக்குள் புதிதாக எது வந்தாலும், தையல் மெஷினானாலும் இஸ்திரிப் பெட்டியானாலும், அதற்கு வண்ணக் காகிதச் சுருளைச் சுற்றி, பீர் தெளித்து, பூமித்தாய்க்கு அவள் பங்கைக் கொடுத்தாக வேண்டும். மாமனார் செனோன் தன் இடது கையாலேயே பாட்டிலைச் சாய்த்தார். கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த விசைப்பலகையில் ஆர் எழுத்தை இரண்டு முறை அமுக்கினால்தான் விழுகிறது.

குரோவர் என்ற பேரில் இரண்டு ஆர் இருக்கின்றன. அந்தப் பேரை இதுவரை அடிக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

குரோவர் அவள் புருஷன். எல்லை தாண்டி, சிலே நாட்டில், கலாமா பக்கத்துச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான். போனவன் முதலில் தினமும் பேசினான், பிறகு வாரம் ஒரு முறை, கிறிஸ்துமஸ் முடிந்ததும் அதுவும் குறைந்தது. இப்போது இரண்டு வாரமாகப் பேச்சே இல்லை. மாமனாருக்கு வாதம் வந்து வலது பக்கமும் பாதிப் பேச்சும் போய்விட்டன. மிச்சம் இருப்பது நாத்தனார் காசில்தா. கடையையே தலைக்குள் வைத்து நடத்துகிறவள். எந்த உடுப்பு யாரிடம் இருக்கிறது, எது எப்போது திரும்பும், எதில் பொத்தான் போயிற்று, எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்தத் தலை சென்ற குளிர்காலத்தில் காய்ச்சலில் படுத்தபோது கடையே கண் தெரியாமல் நின்றது. அதனால்தான் இந்தச் சரக்கு மென்பொருள்.

ஒருரோ ஊரே திருவிழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் சனிக்கிழமை ஊர்வலம். லா பாஸ் தெரு முழுக்க மொரேனோ ஆட்டத்து முகமூடிகள் காய்ந்துகொண்டிருந்தன. காலையிலேயே மழை.

மிர்த்தா கண்ணாடி மேஜை மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள். பக்கத்தில் ஊதா நிற மக்காச்சோளக் கஞ்சி ஒரு கோப்பை, பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த பணியாரம் ஒன்று.

"பேரு, நம்பர், எத்தனை இருக்கு, விலை. இந்த நாலு கட்டத்தை அவனே குடுத்துடறான் அண்ணி. மத்தது எல்லாம் நாமதான் உண்டாக்கிக்கணும்."

"யாரு அவன்?" என்றாள் காசில்தா. வாயில் ஊசி இருந்தது.

"இந்த மென்பொருளைப் பண்ணினவன்."

"அவன் மொரேனோ ஆடியிருப்பானா?"

"எங்க. இது ஸ்க்ரூ, ஆணி விக்கிற கடைக்குப் பண்ணினது."

"அதான். ஸ்க்ரூவுக்கு வேர்க்காது."

மிர்த்தா சிரித்தாள். காசில்தா சிரிக்கவில்லை. அவள் சிரிக்க வைப்பாள், தான் சிரிக்க மாட்டாள். கீழ்நாட்டு வெயிலில் வளர்ந்த மிர்த்தாவுக்கு இந்த மலைநாட்டு வழக்கம் புரியவே இரண்டு வருஷம் ஆயிற்று.

புதுக் கட்டங்களை அவள் ஒவ்வொன்றாக உண்டாக்கிக்கொண்டு வந்தாள். முதலில் பேர் வைக்க வேண்டும். பிறகு அதில் என்ன போகும் என்று சொல்ல வேண்டும்: எழுத்தா, எண்ணா, தேதியா, ஆம் இல்லையா, அல்லது நாமே கொடுக்கும் சில வார்த்தைகளில் ஒன்றா. கடைசியில் ஒரு கேள்வி. இதைக் கட்டாயம் நிரப்ப வேண்டுமா?

தோள் அகலம், எண். பூட்ஸ் அளவு, எண். கடைசியாக வெயிலில் போட்டது, தேதி. முகமூடி, வார்த்தைகளில் ஒன்று: நாக்கு தொங்குவது, சுருட்டு பிடிப்பது, ராஜா.

"எழுபத்தி மூணாம் நம்பருக்குப் பழுதுன்னு போட்டிருக்கேன். எங்க கிழிஞ்சிருக்கு அண்ணி? நான் பாத்தவரைக்கும் நல்லாத்தான் இருக்கு."

"கிழிஞ்சிருக்கு."

"எங்கன்னு சொன்னா எழுதிக்குவேன்."

"பழுதுன்னு போட்டாச்சுல்ல? அடுத்ததுக்குப் போ."

மிர்த்தா அடுத்ததற்குப் போனாள். ஆனால் விடவில்லை.

"நேர்த்திக்கு ஒரு கட்டம் போட்டே ஆகணும்."

காசில்தா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "போன வாரமே வேண்டாம்னு சொன்னேன்."

"ஏன்னு சொல்லல."

"அதெல்லாம் எழுதறதில்ல. அது மாதாவுக்கும் ஆடறவனுக்கும் நடுவுல இருக்கற சமாசாரம். நடுவுல உன் பொட்டி எதுக்கு?"

சுரங்கத்து மாதாவுக்கு நேர்ந்துகொண்டவன் மூன்று வருஷம் ஆட வேண்டும். அது ஊர் வழக்கம். வில்கா கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. நேர்ந்தவன் முதல் வருஷம் போட்ட உடுப்பையே மூன்று வருஷமும் போடுவான். நடுவில் வேறு யார் உடம்பும் அதில் நுழையக் கூடாது. ஒவ்வொரு வருஷ ஆட்டம் முடிந்ததும் செனோன் காலரின் உள்பக்கம் சிவப்புக் கம்பளி நூலில் ஒரு முடிச்சுப் போடுவார். அந்த உடுப்புகள் கடைக்குள் கோயில் பக்கத்துச் சுவரில் மட்டும் தொங்கும். அந்தச் சுவரில் இருப்பதை யாரும் வாடகைக்குக் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் கிடைக்காது.

குரோவரும் நேர்ந்திருந்தான். மிர்த்தாவுக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவது தடவை ஆறாம் மாதத்தில் ரத்தம் பட்டபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் காலோடு கோயிலுக்கு ஓடினான். நயரா பிறந்தாள். இரண்டு வருஷம் ஆடினான். இந்த வருஷம் மூன்றாவது.

மிர்த்தா இதையெல்லாம் முழுசாக நம்புகிறவள் இல்லை. ஆனால் நயரா இரண்டு தடவை இருமினால் போதும், அவள் கண் தானாகவே அந்தச் சுவர்ப் பக்கம் போகும்.

இப்போது அந்தச் சுவரில் முகமூடிகள் தொங்கின. லேபிள் ஒட்டுவதற்காகப் போன வாரம் எல்லா உடுப்பையும் இறக்கி, உறை மாட்டி, அளவு வாரியாகத் திரும்ப மாட்டியது மிர்த்தாதான். நேர்த்தி உடுப்புகளைத் தனியாக நகர்த்தி வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். கட்டம் போட்ட பிறகு செய்யலாம் என்று விட்டாள். கட்டத்தைத்தான் போடவிடவில்லை.

மாமனார் காலையிலிருந்து உடுப்புகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். பின்னாலேயே நயரா. மிச்சமான லேபிள்களைத் தாத்தாவின் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டே போனாள். அவர் ஒவ்வொரு உறையாகத் திறந்து, காலருக்குள் இடது கையை விட்டுப் பார்த்தார். அந்துப்பூச்சி பார்க்கிறார் என்று மிர்த்தா நினைத்தாள்.

கடைசி வரிசை முடிந்ததும் அவர் நின்றார்.

"குரோவர்," என்றார்.

வாதம் வந்த பிறகு அவர் மகன் பேரைச் சொன்னதே இல்லை. இரண்டு பெண்களும் நிமிர்ந்தார்கள்.

"என்னப்பா?" என்றாள் காசில்தா.

அவர் தன் சட்டைக் காலரைத் தொட்டார். இரண்டு விரலைக் காட்டினார். பிறகு கையை விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை.

மிர்த்தாவுக்குப் புரிந்துவிட்டது. நேற்று பக்கத்துச் சுரங்க ஊரான வனூனியிலிருந்து வந்த தொழிலாளர் ஆட்டக் கோஷ்டி. நீல உடுப்பு, பெரிய அளவு, ஒன்பது. திரையில் நீலம், பெரிசு, கையிருப்பில் உண்டு என்று தட்டினாள். நம்பர்கள் வந்தன. அந்த நம்பர் ஒட்டிய உறைகளை எடுத்து வேனில் ஏற்றினாள். நீலம் எல்லாம் ஒரே தையல், ஒரே வெள்ளி ஜரிகை. காலரைத் திருப்பினால்தான் வித்தியாசம் தெரியும். உறைக்குள் இருந்த காலரை யார் திருப்பினார்கள்?

தன் புருஷன் உடுப்பைத் தன் இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"கட்டம் இருந்திருந்தா கையிருப்புன்னு காட்டியிருக்காது," என்றாள். "நீங்கதான் வேண்டாம்னீங்க."

"உன் புருஷன் உடுப்பு எதுன்னு உனக்கே ஒரு கட்டம் சொல்லணுமா?"

அது விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. காசில்தா தொடர்ந்தாள்.

"வரமாட்டான்னு முடிவு பண்ணிட்டியா? அப்படின்னா சொல்லிடு. நேர்மையாவாவது இருக்கும்."

இரண்டு வாரமாக மிர்த்தாவுக்கு இருந்த சாட்சி அந்த உடுப்பு மட்டும்தான். போன் எடுக்காதவனுடைய உடுப்பு கடையில் காத்திருக்கிற வரைக்கும் அவன் வருகிறவன். அதுவும் போய்விட்டால் அவன் வெறும் போனவன்.

"வனூனிக்கு வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

கோஷ்டித் தலைவர் தோன் பெர்மினுக்கு போன் போட்டார்கள். பின்னால் ட்ரம்பெட் சத்தம்.

"ஒன்பதும் ஆளுக்கு ஒண்ணாக் குடுத்தாச்சு. மதியம் ஒத்திகை. புதுப் பசங்க கனம் பழகணும்ல. நேர்த்தி உடுப்பா? அய்யோ. வந்து காலரைப் பாத்துக்கோங்க. ஆனா ஒண்ணு, எடுத்துட்டுப் போனா பதிலுக்கு ஒண்ணு வேணும். எட்டு நீலத்தோட நடுவுல ஒரு பச்சை ஆட முடியாது."

பெரிய அளவில் வேறு நீலம் இல்லை. திரை சொன்னது. மிர்த்தா திரும்பி அதைச் சொல்ல வாய் திறந்தபோது காசில்தா உள்ளே போயிருந்தாள். திரும்பி வந்தபோது தோளில் ஒரு கறுப்பு உறை தொங்கியது.

"ஏறு," என்றாள்.

நயராவைத் தாத்தாவிடம் விட்டார்கள். இரண்டு பேரும் ஒருவர் மற்றவரைக் கவனித்துக்கொள்வார்கள், எதிர்வீட்டு சால்தேனியாப் பலகாரக் கடைக்காரி இருவரையும் கவனித்துக்கொள்வாள்.

மினிபஸ்ஸில் உடுப்புக்கும் ஒரு சீட்டு வாங்க வேண்டியிருந்தது. மொரேனோ உடுப்பு மடியில் வைக்கிற சாமான் இல்லை. பீப்பாய் மாதிரி மூன்று அடுக்கு, நல்ல ஆண்பிள்ளையையே குனிய வைக்கும் கனம். அது நடுவில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள்.

ஊர் எல்லையில் பையன்கள் திருவிழா விளையாட்டாகத் தண்ணீர் பலூன் எறிந்தார்கள். ஒன்று திறந்திருந்த ஜன்னல் வழியாக வந்து காசில்தாவின் நெற்றியில் உடைந்தது. தொப்பி நனைந்தது. அவள் கையை நீட்டி உறை மேல் ஈரம் பட்டதா என்று பார்த்தாள். பிறகுதான் முகத்தைத் துடைத்தாள்.

மிர்த்தா அதைக் கவனித்தாள். கடை உடுப்புக்கு இவ்வளவு பதற்றம் எதற்கு?

வனூனியில் சுரங்க வாசலுக்குக் கீழே இருந்த தெருவில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. பித்தளை வாத்தியங்கள், முன்வரிசையில் ஒன்பது நீல மொரேனோக்கள். பிதுங்கிய கண், தொங்கிய நாக்கு, கையில் கிறீச்சிடும் கிலுகிலுப்பை. கனம் அவர்களைப் பக்கவாட்டில் ஆட்டியது. ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, மறுபக்கம் சாய்ந்து.

இடது கோடியில் ஒருவன் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்து ஆடினான். குரோவர் அப்படித்தான் ஆடுவான், தரையில் எதையோ தொலைத்தவன் மாதிரி. அவன் இல்லை என்று மிர்த்தாவுக்குத் தெரியும். தெரிந்தே அந்த முகமூடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவளைத் தாண்டிப் போனது. நிற்கவில்லை.

காசில்தா நேராக நடுத்தெருவுக்கு நடந்தாள். வாத்தியக்காரர்கள் விலகினார்கள்.

"நேர்த்தி உடுப்பு ஒண்ணு கலந்து வந்துருச்சு. காலரைக் காட்டுங்க," என்றாள்.

யாரும் சண்டை போடவில்லை. அந்த வார்த்தைக்கு இந்தப் பக்கத்தில் அவ்வளவு மரியாதை. ஒன்பது பேரும் வரிசையாகக் குனிந்தார்கள். காசில்தா ஒவ்வொருவர் கழுத்துக்குப் பின்னாலும் விரலை விட்டாள். பின்னாலேயே மிர்த்தா.

இடது கோடியில் இருந்தவன் கடைசி. மிர்த்தா முந்திக்கொண்டு தானே கையை விட்டாள். வேர்வை, சூடு, ஜரிகையின் சொரசொரப்பு. அதற்குக் கீழே இரண்டு சின்ன முடிச்சு.

முகமூடி கழன்றது. தோன் பெர்மின். அறுபதை நெருங்குகிறவர், பல் இரண்டு இல்லை.

"நானா?" என்றார். "நாலு தெரு ஆடிட்டேனேம்மா."

"தெரியாமத்தானே போட்டீங்க," என்றாள் மிர்த்தா.

"அது சரி. மேல இருக்கறவ இதை யாரு ஆடினதா வச்சுப்பா?"

"ஒத்திகையை அவ கணக்குல எடுக்கறதில்ல," என்றாள் காசில்தா. "கழட்டுங்க."

அவர் நடுத்தெருவில் நின்று கழற்றினார். இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கிழிந்த பனியனோடு, ஆவி பறக்க நின்றார்.

"யாருதும்மா?"

"என் வீட்டுக்காரருது."

"எங்க இருக்காரு?"

"கலாமாவுல."

"வர்றாரா?"

மிர்த்தா உடுப்பை மடக்குவதில் மும்முரமாக இருந்தாள். பெர்மின் அனுபவசாலி. மறுபடி கேட்கவில்லை.

காசில்தா கறுப்பு உறையின் ஜிப்பை இழுத்தாள்.

உள்ளே இருந்த நீலம் மற்ற எட்டையும் அழுக்காகக் காட்டியது. வருஷக்கணக்காக வெயில் படாத நீலம். ஜரிகை ஒரு இழைகூடக் கறுக்கவில்லை. உறையின் மேல் லேபிள் இருந்தது, மிர்த்தாவே ஒட்டியது. எழுபத்தி மூன்று. பழுது.

காசில்தா காலரைத் திருப்பினாள். ஒரே ஒரு முடிச்சு. நிறம் வெளுத்து, சிவப்பு என்று சொல்ல முடியாத சிவப்பு. கத்தரி கேட்டாள். யாரிடமும் இல்லை. குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள். அந்த நூலைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டு, உடுப்பைத் தோன் பெர்மினின் தோளில் ஏற்றினாள். முன்னால் வந்து அடுக்குகளைச் சரிசெய்தாள். ஒரு தப்பும் இல்லாமல் பொருந்தியது.

"நல்ல உடுப்பாச்சே," என்றார் அவர். "யாருது?"

"கடையோடது," என்றாள் காசில்தா.

வாத்தியம் மறுபடி தொடங்கியது. ஒன்பது நீலமும் சாய்ந்து சாய்ந்து தெருக்கோடியில் திரும்பின. திரும்புகிற வரைக்கும் காசில்தா பார்த்தாள். அதற்கு மேல் பார்க்கவில்லை.

திரும்பும் மினிபஸ்ஸில் நடுவில் குரோவரின் உடுப்பு உட்கார்ந்திருந்தது. பாதி வழியில் மிர்த்தா கேட்டாள்.

"யாரு அண்ணி?"

"லூச்சோன்னு ஒருத்தன். முதல் வருஷம் ஆடினான். ரெண்டாம் வருஷத்துக்குள்ள சாவோ பாவ்லோ போயிட்டான், தையல் பட்டறை வேலைக்கு. அங்கயே பொண்டாட்டி, பிள்ளைங்க."

"எதுக்கு நேர்ந்தான்?"

"அப்பா எங்க கல்யாணத்துக்குச் சம்மதிக்கணும்னு."

மிர்த்தா நடுவில் இருந்த உடுப்பு சாயாமல் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா சம்மதிச்சுட்டாரு," என்றாள் காசில்தா. "அதுதான் வேடிக்கை."

வெளியே லாமாக் கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். அவை அவசரப்படவில்லை.

"இத்தனை வருஷம் குடுக்காம வச்சிருந்துட்டு, இன்னிக்கு ஏன் அண்ணி?"

"அளவு பொருந்திச்சு."

"அண்ணி."

காசில்தா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினாள். "உன் புருஷன் வருவானா மாட்டானா, எனக்குத் தெரியாது. என் தம்பிதான், ஆனா தெரியாது. வந்து நின்னா அவன் உடுப்பு இருக்கணும். வரவே மாட்டான்னு தெரிஞ்சவனோடது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?" கொஞ்சம் நிறுத்தினாள். "காலைல நான் சொன்னது தப்பு. நேர்மை கீர்மைன்னு. அதை வாபஸ் வாங்கிக்கறேன்."

மிர்த்தா உடுப்புக்குப் பின்னால் கையை நீட்டினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து கை வரவில்லை. நனைந்த தொப்பிதான் வந்தது.

"இதைப் பிடி. கொஞ்சம் காயட்டும். உன் கை எப்பவும் சுடும், கீழ்நாட்டுக்காரி கை."

அவள் தொப்பியைப் பிடித்துக்கொண்டே ஒருரோ வரைக்கும் வந்தாள்.

கடைக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. முதல் வேலையாகக் கோயில் பக்கத்துச் சுவரிலிருந்து முகமூடிகளை இறக்கினார்கள். காசில்தா பேர் சொல்லச் சொல்ல, மிர்த்தா நேர்த்தி உடுப்புகளை ஒவ்வொன்றாக அங்கே மாட்டினாள். குரோவருடையது கடைசி. செனோன் வந்து காலருக்குள் கையை விட்டார். விரல் இரண்டு முடிச்சையும் கண்டுபிடித்தது. கையை உடனே எடுக்கவில்லை.

நயரா ஒரு லேபிளை அவர் கன்னத்தில் ஒட்டினாள்.

"உன் கட்டத்தைப் போடு," என்றாள் காசில்தா, நாற்காலியை இழுத்துக்கொண்டு.

மிர்த்தா போட்டாள். பேர்: நேர்த்தி. வகை: வார்த்தைகளில் ஒன்று. முதல் வருஷம், இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷம், முடிந்தது. இந்தக் கட்டத்தில் வருஷம் இருந்தால் கையிருப்பு என்று காட்டக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"பாதில விட்டவனுக்கு என்ன போடுவ?"

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. சேத்துடறேன்."

காசில்தா யோசித்தாள். "வேண்டாம். அவனுக்குன்னு ஒரு வார்த்தை எதுக்கு? கட்டமே காலியா இருக்கட்டும். அந்த எழுபத்தி மூணுக்குப் பழுதை எடுத்துடு."

"நீங்களே எடுங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாது."

"இந்த இடத்துல ஒரு அமுக்கு."

காசில்தா ஆள்காட்டி விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அமுக்கினாள். பழுது போயிற்று. வாடகையில் உள்ளது என்று வந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ம்," என்றாள். எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மிர்த்தா குரோவரின் உடுப்புக்கு வந்தாள். பேரை அடித்தாள். ஆர், ஆர். திரும்பவும் ஆர், ஆர். மூன்றாம் வருஷம். இன்னொரு கட்டமும் போட்டிருந்தாள்: இந்த வருஷம் ஆடுகிறாரா? ஆம், இல்லை. அவசரத்தில் அதைக் கட்டாயம் என்று வைத்துவிட்டாள். இப்போது மென்பொருள் பதிவு செய்ய மறுத்தது. சிவப்பு எழுத்தில் கேட்டது. நிரப்பவும்.

நேர்ந்திருந்த மற்ற ஏழு பேருக்கும் ஆம் போட்டாயிற்று. இவனுக்கு ஆம் என்றால் பொய்யாகலாம். இல்லை என்று அமுக்க விரல் போகவில்லை.

அமைப்புக்குள் போய்க் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டாள். காலியாகவே பதிவாயிற்று. சிவப்பு எழுத்து போயிற்று.

அப்போது போன் அதிர்ந்தது.

குரோவர். இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரே ஒரு வரி.

*என் உடுப்பு இன்னும் சுவத்துல இருக்கா?*

காலையில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? மிர்த்தா எழுந்தாள். நயராவைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். நீல உடுப்பு பின்னால், குழந்தை முன்னால், மூக்கு ஒழுக. போட்டோ எடுத்து அனுப்பினாள். வார்த்தை எதுவும் சேர்க்கவில்லை.

பார்த்துவிட்டான். எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. காசில்தா கரண்டியோடு வந்து தோளுக்குப் பின்னால் நின்றாள்.

*தோள் அகலம் எவ்வளவுன்னு அளந்து அனுப்பு.*

இரண்டு பேரும் அதைப் படித்தார்கள். அடுப்பில் ஏதோ பொங்கியது. யாரும் போகவில்லை.

"அது அவன் முதுகு மேல வச்சே அப்பா தைச்சது," என்றாள் காசில்தா மெதுவாக. "அவன் அளவு அவனுக்குத் தெரியாதா?"

மிர்த்தா போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இப்போதுதானே கையில் வைத்திருந்தான்?

அளவு கேட்கிறவன் எவனும் சும்மா கேட்பதில்லை. அந்த உடம்பு மாறியிருக்கலாம். அல்லது அதற்குள் நுழையப்போவது வேறு உடம்பாக இருக்கலாம். இரண்டில் எது என்று அந்த ஒரு வரி சொல்லவில்லை.

காசில்தா கழுத்தில் தொங்கிய நாடாவை உருவி நீட்டினாள். மிர்த்தா வாங்கிக்கொண்டு உடுப்பின் முதுகுப்பக்கம் போனாள். வனூனியின் வேர்வை இன்னும் காயவில்லை. நாடாவின் ஒரு முனையை அவள் பிடித்தாள். மறுமுனையை, யாரும் கேட்காமலே, செனோன் தன் இடது கையால் பிடித்தார்.

"அம்பத்தி நாலு," என்றாள்.

போனில் அடித்து அனுப்பினாள். பிறகு திரும்பி வந்து, கம்ப்யூட்டரில் தோள் அகலம் என்ற கட்டத்திலும் போட்டாள். அதற்கு அடுத்து, இந்த வருஷம் ஆடுகிறாரா என்ற காலிக் கட்டத்தில் கர்சர் மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.